சொகுசு கார்களில் நிறங்கள் ஏன் இத்தனை குறைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் ஷோரூமில், இருக்கைத் தோலுக்கும் தையல் நூலுக்கும் உள்விளக்குக்கும்கூட விதவிதமான நிறங்களைக் காட்டுகிறார்கள். காரின் உடலுக்கு என்ன நிறங்கள் உள்ளன என்று கேட்டால் வெள்ளை, கறுப்பு, வெள்ளி, இரண்டு வகைச் சாம்பல், இருட்டில் கறுப்பாகவே தெரியும் ஒரு நீலம் என்பதோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி வாங்க நினைப்பவர்களும் கார் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலை ஏற ஏற நிறங்களும் கூடத்தானே வேண்டும்? ஏன் அப்படி நடப்பதில்லை?

பெரும்பாலான சொகுசு கார்களின் நிறத்தைத் தீர்மானிப்பவர் அந்தக் காரை ஓட்டப்போகிறவர் அல்லர். வாடிக்கையாளர் ஷோரூமுக்குள் காலெடுத்து வைப்பதற்குப் பல வாரங்களுக்கு, சில நேரம் பல மாதங்களுக்கு முன்பே டீலர் தன் கையிருப்புக்கான ஆர்டரைக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கார் விற்காமல் நின்றால் வட்டி கட்டப்போகிறவர் அவர்தான் என்பதால், பத்துப் பேரில் ஒருவருக்கு மிகவும் பிடித்து மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகும் மஞ்சளை விட்டுவிட்டு, பத்துப் பேரில் எவரும் மறுப்புச் சொல்லாத வெள்ளையையே அவர் எடுக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வேலையைக் குத்தகை நிறுவனங்கள் செய்கின்றன. ஜெர்மனியில் புதிதாகப் பதிவாகும் கார்களில் பெரும்பகுதி தனிமனிதர்களின் பெயரில் அல்லாமல் நிறுவனங்களின் பெயரில் பதிவாகிறது. அலுவலகம் தரும் காரை மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அது என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கின் மீதுதான் மாதத் தவணையே நிற்கிறது.

சொந்தப் பணத்தில் வாங்குபவரும் இந்தக் கணக்கிலிருந்து விடுபட்டவர் அல்லர். தனக்குப் பிடித்த பச்சையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர், முகம் தெரியாத இரண்டாவது உரிமையாளர் ஒருவரை நினைத்துச் சாம்பல் நிறத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். இப்படி விற்றவற்றின் கணக்கு நிறுவனத்துக்குப் போகிறது. அடுத்த ஆண்டுப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் அதைப் பார்த்து, பச்சையை யாரும் கேட்கவில்லை என்று நீக்கிவிடுகிறார்கள். இல்லாத நிறத்தை யாரும் வாங்க முடியாது என்பதால் அந்த முடிவு சரியானதாகவே தோன்றும். இந்தச் சுழற்சிதான் முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. தொழிற்சாலைக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிய பங்கு அல்ல.

நிறங்கள் உண்மையிலேயே குறைந்துவிட்டனவா? பழைய படங்களைப் பார்த்து நாம் மயங்குகிறோமா?

குறைந்துவிட்டன. அமெரிக்கச் சந்தையை ஆராயும் ஐசீகார்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, 2004-இல் அங்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகிய நான்கும் சேர்ந்து சுமார் 60 விழுக்காடாக இருந்தன. 2023-இல் அது 80 விழுக்காடாக உயர்ந்தது. சாலையில் போகும் ஐந்து கார்களில் ஒன்றுக்குத்தான் நிறம் என்று சொல்லத்தக்க நிறம் இருக்கிறது. டுபாண்ட் நிறுவனம் 1953-இல் தொடங்கி, இப்போது அதன் வழிவந்த ஆக்சால்டா தொடரும் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 1990-களின் நடுவில் வட அமெரிக்காவில் பச்சை முதலிடத்தில் இருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுப்பார்கள். 2000-ஐ ஒட்டி வெள்ளி நிறம் மேலே வந்தது. 2011-லிருந்து உலக அளவில் வெள்ளை முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது.

சொகுசுப் பிரிவில் வீழ்ச்சி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1970-களின் போர்ஷே 911-ஐ ஆரஞ்சிலும் பாம்புப் பச்சையிலும் கத்தரிப்பூ நிறத்திலும் வாங்க முடிந்தது. அதே காலத்து மெர்சிடிஸ் செடான்கள், மருத்துவரும் வழக்கறிஞரும் ஓட்டிய சாதாரணக் குடும்ப வண்டிகள், மஞ்சளிலும் செங்காவியிலும் பழுப்பிலும் தெருவில் நின்றன. அவை கண்காட்சிக்கென்று செய்தவை அல்ல. கறுப்பு வெள்ளைக்கு இடையே இருந்த இடம் மட்டும் இப்போது நுணுக்கமாகப் பிரிந்திருக்கிறது. தெற்கு இத்தாலியில் உள்ள சோதனை ஓடுதளத்தின் பெயரைத் தாங்கிய ஆடியின் நார்தோ சாம்பல், போர்ஷேவின் சுண்ணக்கட்டி நிறம் போன்ற மினுக்கம் இல்லாத சாம்பல்களுக்கு இன்று தனி ரசிகர் கூட்டமே உண்டு.

"கறுப்பாக இருக்கும்வரை எந்த நிறமும் கிடைக்கும்" என்று ஹென்றி ஃபோர்டு சொன்னதிலிருந்துதான் இது தொடங்கியதா?

இல்லை. ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்தபோது சிவப்பு, சாம்பல், பச்சை, நீலம் ஆகிய நிறங்கள் இருந்தன. கறுப்பு மட்டும் என்ற காலம் 1914-இல் தொடங்கி 1925 வரை நீடித்தது; கறுப்பு மலிவானது, உழைப்பது, நகரும் உற்பத்தி வரிசையில் ஒரே பெயின்டைப் பயன்படுத்துவது எளிது என்பவையே காரணங்கள். அந்த ஏகபோகத்தை உடைத்தது பெயின்ட் வேதியியல்தான். டுபாண்ட் உருவாக்கிய 'டூக்கோ' என்ற வேகமாக உலரும் பெயின்டை 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் பூசி வெளியிட்டது. வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்ததால் பல நிறங்களில் மலிவாகக் கார் செய்ய முடிந்தது. மரச்சாமானுக்கு ஸ்ப்ரே அடிக்கும் நம் ஊர்ப் பெயின்டர்கள் இன்றும் "டூக்கோ அடிப்பது" என்று சொல்வது அந்தப் பெயரைத்தான். 1926 மாடலில் ஃபோர்டும் மற்ற நிறங்களுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே அந்தக் கதை சொல்லித் தருவது இன்றைய நிலைக்கு நேர்மாறானது: அன்று வாங்குபவர்கள் நிறம் கேட்டார்கள், மறுத்த நிறுவனம் சந்தையில் பின்தங்கியது.

பட்டியலில் இன்னொரு நிறத்தைச் சேர்ப்பதில் தொழிற்சாலைக்கு அப்படி என்ன சிரமம்?

பெயின்ட் அடிக்கும் இடத்தில் சிரமம் குறைவு. அதற்கு முன்னும் பின்னும்தான் அதிகம். காரின் இரும்பு உடல் முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிக்கிறது. பிறகு மின்னோட்டத்தின் உதவியால் துருத் தடுப்புப் பூச்சு ஒட்டும் தொட்டியில் முழுவதுமாக மூழ்கி எழுந்து, 160 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட அடுப்பில் சுடப்படுகிறது. அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பூச்சு, கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். இவை எல்லாம் சேர்ந்தும் மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்; அதில் நாம் நிறம் என்று பார்க்கும் அடுக்கு சுமார் 15 மைக்ரான் மட்டுமே (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கார் ஆலையில் மிக அதிகமான மின்சாரத்தையும் வெப்பத்தையும் விழுங்குவது இந்தப் பெயின்ட் பிரிவுதான்.

நிறம் மாற்றும்போது ரோபோவின் குழாயில் மிச்சமிருக்கும் பெயின்டைக் கரைப்பானால் கழுவி வெளியேற்ற வேண்டும். இது சில விநாடிகளில் முடிகிற வேலை என்றாலும், மணிக்கு அறுபது கார் போகும் வரிசையில் ஒவ்வொரு காருக்கும் நிறம் மாறினால் வீணாகும் பெயின்டும் கரைப்பானும் கணிசமாகும். அதனால் ஒரே நிறக் கார்களை அடுத்தடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். மாதத்துக்குச் சில கார்கள் மட்டுமே கேட்கும் நிறம் இந்த வரிசையில் பொருந்தாமல் தொல்லை தருகிறது.

இதைவிடப் பெரிய தலைவலி பிளாஸ்டிக் பாகங்கள். பம்பரும் பக்கக் கண்ணாடியின் உறையும் கதவுப் பிடியும் காரின் உடலோடு சேர்ந்து அந்தச் சூடான அடுப்புக்குள் போக முடியாது. உருகிவிடும் அல்லது வளைந்துவிடும். அவை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தில், வேறு வகைப் பெயின்டில், குறைந்த வெப்பத்தில் தயாராகி வந்து சேர்கின்றன. இரும்பின் மேல் இருக்கும் நீலமும் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் நீலமும் காலை வெயிலிலும் மாலை நிழலிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அடுத்து எண்ணிக்கை பெருகுகிறது: சென்சார் துளை உள்ள பம்பர், இல்லாத பம்பர், ஸ்போர்ட்ஸ் வகைப் பம்பர் என்று பல வடிவங்கள் ஏற்கெனவே இருக்கும்போது, ஒரு புதிய நிறம் அத்தனையையும் இன்னொரு முறை தயாராக வைக்கச் சொல்கிறது. 2018 செப்டம்பரில் டெஸ்லா தன் ஏழு நிறங்களில் இரண்டை வழக்கமான பட்டியலிலிருந்து எடுத்தபோது, உற்பத்தியை எளிமைப்படுத்தவே இப்படிச் செய்கிறோம் என்று ஈலான் மஸ்க் வெளிப்படையாகவே அறிவித்தார். மற்ற நிறுவனங்களும் இதே நேர்மையோடு காரணத்தைச் சொல்லியிருந்தால் வாடிக்கையாளர்களுக்கு இத்தனை குழப்பம் இருந்திருக்காது.

சில நிறங்கள் மற்றவற்றைவிடக் கடினமானவை என்பது உண்மையா?

உண்மை. பிரகாசமான மஞ்சள், ஆரஞ்சு, சில சிவப்புகள் ஆகியவை அடியிலுள்ள பூச்சை மறைக்கும் திறன் குறைந்தவை. அதற்கேற்ற நிறத்தில் பிரைமரோ கூடுதல் அடுக்கோ வேண்டும். ஒரு காலத்தில் ஈய குரோமேட் நிறமி இந்த வேலையை மலிவாகச் செய்தது. அது நச்சு என்பதால் கைவிடப்பட்டது. 2003 ஜூலைக்குப் பிறகு விற்கும் கார்களில் ஈயத்தையும் ஆறிணைதிறக் குரோமியம் என்ற நச்சு வடிவத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. பதிலாக வந்த கரிம நிறமிகள் விலை கூடியவை. இந்த இழப்புக்காக வருந்த வேண்டியதில்லை. பெயின்ட் பூசும் தொழிலாளியின் நுரையீரலைவிடப் பெரிய நிறம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு புதிய நிறத்தின் மாதிரித் தகடும் வெயில், ஈரம், கல்லடி, பறவை எச்சம், அமில மழை ஆகியவற்றைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இதற்குப் பெயர்பெற்றது; அங்கே தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்த தகடுகள் திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்று முடிவு செய்யும் நிறம் ஷோரூமுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறுப்புகூட எப்போதும் எளிதில் கிடைப்பதல்ல என்று 2011 காட்டியது. ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்து ஒனாஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலைதான் அன்று சிராலிக் என்ற மினுமினுப்பு நிறமியை உலகிலேயே தயாரித்த ஒரே இடம். மார்ச் 11 நிலநடுக்கத்தில் அது நின்றதும், ஃபோர்டு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட கறுப்பிலும் சில சிவப்புகளிலும் புதிய ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று தன் டீலர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. வேறு நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. இத்தனை பெரிய தொழிலின் பளபளப்பு ஒரே ஓர் ஆலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னர் மெர்க் ஜெர்மனியிலும் ஓர் உற்பத்தி வரிசையை அமைத்தது.

வெள்ளையும் கறுப்பும் வாங்கினால் மறுவிற்பனையில் நல்ல விலை கிடைக்கும் என்பது சரிதானா?

சீக்கிரம் விற்கும் என்பது சரி. நல்ல விலைக்கு விற்கும் என்பதற்கு ஆதாரம் குறைவு. ஐசீகார்ஸ் 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் ஒரு கார் சராசரியாக 31 விழுக்காடு மதிப்பை இழக்கிறது; மஞ்சள் கார் இழப்பது சுமார் 24 விழுக்காடு, ஆரஞ்சும் அதை ஒட்டியே வருகிறது, வெள்ளை இழப்பதோ 32 விழுக்காடு. மிக மோசமாக இழப்பது பொன்னிறம். மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் விளையாட்டு வகைக் கார்களில் வருபவை, எண்ணிக்கையிலும் குறைவு என்பதை மனத்தில் கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும். நிறத்தை மாற்றினாலே எந்தக் காரும் விலை ஏறும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனாலும் கண்ணைக் கவரும் நிறம் என்றால் நிச்சயம் நட்டம் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டாம் கைச் சந்தையில் நூறு வெள்ளைக் கார்களோடு போட்டியிடும் நூற்றோராவது வெள்ளைக் காருக்குப் பேரம் பேசும் வலு எங்கிருந்து வரும்?

மறுவிற்பனை அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஜெர்மனியின் டாக்சிகளே சான்று. அங்கே 1971-லிருந்து டாக்சிகள் வெளிர் தந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பிற்காலத்தில் பல மாநிலங்கள் அதைத் தளர்த்தின. விதி இருந்த இடங்களில் டாக்சி உரிமையாளர்கள் கறுப்பிலோ வெள்ளியிலோ மெர்சிடிஸ் வாங்கி, அதன் மேல் தந்த நிற ஃபிலிமை ஒட்டி ஓட்டிவிட்டு, விற்கும் நாளில் உரித்துவிடுவார்கள்.

ரேடார் உள்ள கார்களுக்கு நிறக் கட்டுப்பாடு உண்டா?

ஓரளவு உண்டு. முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பூச்சில் உலோகத் துகள் கூடுதலாக இருந்தாலோ பூச்சு கனமாக இருந்தாலோ ரேடார் அலை வலுவிழக்கும். பம்பரை மறுபடி பெயின்ட் அடிக்கும்போது, சென்சார் இருக்கும் இடத்தில் பட்டி பூசுவதையும் கனமாக அடிப்பதையும் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

கூடுதல் பணம் கொடுத்தால் நான் விரும்பும் நிறம் கிடைக்குமா?

பெரும்பாலான ஜெர்மன், இத்தாலிய, பிரிட்டிஷ் நிறுவனங்களிடம் கிடைக்கும். பிஎம்டபிள்யூவின் இண்டிவிஜுவல், ஆடியின் எக்ஸ்க்ளூசிவ், மெர்சிடிஸின் மானுஃபாக்டூர், லம்போர்கினியின் ஆட் பெர்சோனாம், பென்ட்லியின் மல்லினர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. இவற்றில் நன்றாக அறியப்பட்டது போர்ஷேவின் 'பெயின்ட் டு சாம்பிள்' திட்டம். இதில் பழைய காலத்து நிறங்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே சோதித்து முடித்த நிலையில் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு 911-க்கு இதற்காகப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடுதலாக வாங்குகிறார்கள். அதற்கும் மேலே ஒரு படி உண்டு: வாடிக்கையாளரே ஒரு பொருளைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று சொல்லலாம். அந்த நிறத்தைக் காருக்கு ஏற்ற பெயின்டாக மாற்ற முடியுமா, வெயிலைத் தாங்குமா, பம்பரிலும் அதே சாயல் வருமா என்றெல்லாம் ஆராய்ந்து முடிக்கவே பல மாதங்கள் ஆகும். முடியாது என்ற பதிலும் வரலாம்.

ரோல்ஸ்ராய்ஸின் தொகுப்பில் 44,000 நிறங்கள் இருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. அதிலும் மனத்துக்கு இசைந்தது இல்லையென்றால் புதிதாக ஒன்றைக் கலந்து தருவார்கள். ஒருவருக்காக உருவாக்கிய நிறத்தை அவருடைய சம்மதமின்றி மற்றவருக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பதும் உண்டு. இங்கிலாந்தின் குட்வுட் ஆலையில் மார்க் கோர்ட் என்ற கலைஞர் காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டை அணில் முடித் தூரிகையால், கையால் இழுக்கிறார். இத்தனை பெரிய காரின் நீளம் முழுவதும் கை நடுங்காமல் செல்லும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது, நிறம் என்பதை இந்தத் தொழில் இன்னும் முற்றிலும் மறந்துவிடவில்லை என்ற நிம்மதி வருகிறது.

ஆகவே "நிறங்கள் இல்லை" என்பதைவிட "இலவசமாக நிறங்கள் இல்லை" என்பதே சரியான விவரிப்பு. முன்பு பட்டியலோடு சேர்ந்து வந்த பச்சையும் கத்தரிப்பூவும் இன்று தனி விலையும் தனிக் காத்திருப்பும் உள்ள பொருளாகிவிட்டன. எனக்கு இதில் உள்ள வருத்தம் இதுதான்: ரோல்ஸ்ராய்ஸ் வாங்குபவருக்கு 44,000, அதற்குப் பல படிகள் கீழே, வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தன் முதல் சொகுசு காரை வாங்குபவருக்கு ஆறு.

ஃபெராரி இளஞ்சிவப்பு தராது என்பது உண்மையா?

இளஞ்சிவப்பு தங்கள் பட்டியலில் இல்லை, அது தங்கள் பிராண்டின் பண்புக்குப் பொருந்தாது என்று ஃபெராரியின் ஆஸ்திரேலியப் பிரிவுத் தலைவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இது ஆலையின் இயலாமையால் வந்த கட்டுப்பாடு அல்ல. பெயரைக் காக்கும் கட்டுப்பாடு. ஃபெராரியின் சிவப்புக்கே ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த கார்டன் பென்னட் பந்தயங்களிலிருந்து நாட்டுக்கொரு நிறம் என்ற வழக்கம் வளர்ந்தது: பிரான்ஸுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு வெள்ளை, பின்னர் இத்தாலிக்குச் சிவப்பு. 1903 பந்தயம் அயர்லாந்தில் நடந்ததால் அந்த மண்ணுக்கு மரியாதையாகப் பிரிட்டன் பச்சையில் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் விற்ற ஃபெராரிகளில் சுமார் 85 விழுக்காடு சிவப்பு; 2012 அளவில் அது 40 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்துவிட்டது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் குதிரைக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள், மொடேனா நகரத்தின் நிறம்.

நம் ஊர் வெயிலுக்கு வெள்ளைதானே அறிவுடைமை?

வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஆம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் ஒரே வகையைச் சேர்ந்த கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் கலிபோர்னிய வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவின்படி, வெள்ளிக் காரின் கூரை 25 பாகை செல்சியஸ் வரை குளிர்ச்சியாகவும், உள்ளிருக்கும் காற்று 5 முதல் 6 பாகை குளிர்ச்சியாகவும் இருந்தது. சித்திரை வெயிலில் சென்னையில் கார் நிறுத்துபவருக்கு இந்த வேறுபாடு உடலில் தெரியும். ஆனால் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது வெளிர்த் தன்மைதான், வெள்ளை என்ற பெயர் அல்ல. வெளிர் மஞ்சள், வான நீலம், பிஸ்தாப் பச்சை ஆகியவையும் கறுப்பையும் அடர்சாம்பலையும்விட வெகுவாகக் குளிர்ந்தவை. வெயிலைக் காரணம் காட்டி அடர்சாம்பல் வாங்குபவர் தம் காரணத்தை மறுபடி யோசிக்கலாம்.

இந்தியாவில் பட்டியல் இன்னும் சுருங்குவது ஏன்?

விற்பனை எண்ணிக்கை குறைவு என்பதே அடிப்படை. இங்கே விற்கும் சொகுசு கார்களில் பெரும்பாலானவை பாகங்களாக வந்து பொருத்தப்படுகின்றன. செங்கல்பட்டு மாவட்டம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலை நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எந்த மாடல், எந்த எஞ்சின், எந்த நிறம் என்பதையெல்லாம் முன்கூட்டியே தொகுதியாகத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், சந்தேகமின்றி விற்கும் நிறங்களே முதலில் இடம்பிடிக்கின்றன. முழுமையாகக் கட்டி இறக்குமதியாகும் விலை உயர்ந்த மாடல்களில் தனி ஆர்டருக்கு வாய்ப்பு அதிகம்.

சட்டம் விலக்கும் ஒரு நிறமும் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, ராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வாகனங்கள் தவிர வேறெவையும் பூசிக்கொள்ளக் கூடாது.

வெள்ளைக் காரை வாங்கி, பிடித்த நிறத்தில் ரேப் (wrap) எனும் வண்ண ஃபிலிமை ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்டலாம், நல்ல தரமான ஃபிலிம் சில ஆண்டுகள் உழைக்கும், உரித்தால் அடியில் அசல் பெயின்ட் அப்படியே இருக்கும். ஆனால் கதவைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளை தெரியும், கடும் வெயிலில் தொடர்ந்து நிற்கும் காரில் கூரையும் பானெட்டும் முதலில் வெளுக்கும், மலிவான ஃபிலிமை உரிக்கும்போது மறுபெயின்ட் அடித்த இடங்களில் பெயின்டும் சேர்ந்து வரக்கூடும். மிக முக்கியமாக, ஆர்.சி.யில் காரின் நிறம் பதிவாகியிருக்கிறது. காரின் நிறம் அதிலிருந்து மாறுவதாக இருந்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, தேவையான அனுமதியையும் பதிவு மாற்றத்தையும் முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவதே பாதுகாப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பளபளப்பு இல்லாத மேட் பெயின்ட் எடுக்கலாமா?

தினமும் தெருவில் நிறுத்துபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், தானியங்கி வாஷில் விட முடியாது, ஒரு சிறு கீறலுக்கும் டச்சப் செய்ய வழியின்றி முழுப் பாகத்தையும் மறுபடி அடிக்க நேரும்.

நிலைமை மாறுமா?

தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருக்கிறது. பெயின்டைப் புகையாகத் தெளிக்காமல், மை அச்சிடுவது போலத் தேவையான இடத்தில் மட்டும் படியச் செய்யும் முறையை ஜெர்மனியின் டூர் நிறுவனம் உருவாக்கியது. ஆடி அதை இங்கோல்ஸ்டாட்டில் ஏ4 மாடலின் கறுப்புக் கூரைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. மறைப்புத்தாள் ஒட்டாமலே இரட்டை நிறம் அடிக்க இது வழி செய்கிறது. லெக்ஸஸ், மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து கற்றுக்கொண்டு, நீல நிறமியே இல்லாமல் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் நீலமாகத் தெரியும் பூச்சை உருவாக்கப் பதினைந்து ஆண்டுகள் உழைத்ததாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம், சொகுசுப் பிரிவைச் சேராத ஃபியட் 2023-இல் சாம்பல் நிறக் கார்களையே இனித் தயாரிப்பதில்லை என்று அறிவித்தது. சாம்பலை விட்டுவிடும் துணிவு சின்னக் கார் செய்யும் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. பெரிய கார் செய்பவர்களுக்கு அது எளிதில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையிருப்பிலிருந்து எடுப்பதை விட்டு ஆர்டர் கொடுத்துக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடினால்தான் அவர்களின் விற்பனைக் கணக்கில் வேறு நிறங்கள் தெரியத் தொடங்கும்.

எனக்குப் பச்சைதான் வேண்டும். டீலரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில், கையிருப்புக் கார் வேண்டாம், ஆலைக்கு ஆர்டர் போட விரும்புகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு இந்தியாவில் தனி நிற ஆர்டர் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் விற்பனையாளர் "கிடைக்காது" என்று சொல்வதற்குப் பல நேரம் "இந்த மாதம் கிடைக்காது" என்றே பொருள். நிறத்தின் பெயரை நம்பாமல் அதன் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு சாயல்கள் இருப்பதுண்டு. கூடுதல் கட்டணம், காத்திருப்புக் காலம், ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

விபத்துப் பழுதைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். மெட்டாலிக், பேர்ல் வகைகளில் துகள்கள் படுக்கும் விதத்தைப் பொறுத்து நிறம் கோணத்துக்குக் கோணம் மாறும். டியூப் லைட்டின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு பாகங்கள் வெயிலுக்கு வந்ததும் தனித்தனியாகத் தெரியலாம். அந்தக் குறியீட்டுப் பெயின்டை இங்கே கலந்து தரும் வசதி அவர்களின் பாடிஷாப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து எத்தனை நாளில் வரும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கைபேசித் திரையிலோ அச்சிட்ட அட்டையிலோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான பெயின்ட் பூசிய மாதிரித் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஷோரூம் விளக்கை விட்டு வெளியே வாருங்கள். உச்சி வெயிலில் ஒருமுறையும், மாலை ஆறு மணிக்கு நிழலில் ஒருமுறையும், இரவில் தெருவிளக்கின் கீழ் ஒருமுறையும் அதைச் சாய்த்துப் பாருங்கள். அடர்பச்சைகள் பலவும் அந்த மூன்றாவது வெளிச்சத்தில் கறுப்பாகிவிடும். அப்படி ஆகாத பச்சை எது என்று அங்கேதான் தெரியும்.